பரணில் போட்ட படம்

நம் மென்பொருள் கருவி வளர்ந்த கதையைப் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்கள் போடும் குறிப்புகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இது வேகமாயிற்று, அது சுருங்கியது என்று கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைப் போடுகிற மாதிரி நல்லதை மட்டும் வரிசையாகப் போட்டிருப்பீர்கள். போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பழைய குறிப்பு ஒன்றில் ஒரு வரி இருக்கிறது. பெயரில்லாத பழைய வேலைகளை, அவற்றைச் செய்தவர் தவிர வேறு யாரும் நீக்க முடியாது என்று சொல்லும் வரி. உங்களில் ஒருவர் அதைக் காட்டி, இந்தக் கட்டுப்பாடு எதற்கு, வீண் தொல்லையாக இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார். கேட்டது நியாயம்தான். காரணம் எங்கும் எழுதப்படவில்லை. எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது வேலையையும் விட்டாயிற்று, திட்டத்தின் பொறுப்பையும் உங்களிடம் கொடுத்தாயிற்று. சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனியன், டி-ஷர்ட் மேல் படம் அச்சடிக்கும் யூனிட். அச்சுக்கு முன்னால் படத்தை வரைந்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்கும் டிசைன் ரூம் ஒன்று உண்டு. அங்கே ஏழெட்டுப் பேர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையர் ஒரு நாளைக்கு மூன்று தடவை மனதை மாற்றுவார். பூவைப் பெரிதாக்கு, இல்லை பழையபடியே வை, இல்லை அதற்கும் முந்தையது நன்றாக இருந்தது. முந்தையது எது என்று தேடியே டிசைனர்களுக்குப் பாதி ஆயுசு போகும். அதற்காகத்தான் நம் கருவியை அங்கே கொண்டுவந்தேன்.

வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி. ஒரு வேலையின் ஒவ்வொரு நிலையையும் நம் கருவி வரிசையாகச் சேமித்து வைக்கும். எந்த நிலைக்கும் திரும்பிப் போகலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைப்போம். பெயர் வைத்த வேலையெல்லாம் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேரும், எல்லாரிடமும் முழுப் பிரதி இருக்கும். ஒரு மெஷின் எரிந்துபோனாலும் எதுவும் போகாது. இலவச மென்பொருள், பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. பெரிய படங்களைத் துண்டு துண்டாகச் சேமிக்கும் பகுதி நான் எழுதியது.

டிசைன் ரூமுக்குப் பொறுப்பு காதர் பாய். நல்ல மனிதர், ஆனால் கறார். பையருடைய டிசைன் வெளியே கசிந்தால் யூனிட்டை இழுத்து மூட வேண்டியதுதான் என்பதால் பென் டிரைவ் கூடாது, செல்போன்கள் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் கிடக்கும். சனிக்கிழமை தோறும் மெஷினில் இருக்கும் பெயர்களின் பட்டியலைப் போட்டுப் பார்ப்பார். கம்பெனி வேலை இல்லாத பெயர் ஏதாவது கண்ணில் பட்டால், அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார்.

ஆனால் வரைகிற கை சும்மா இருக்குமா? தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை, ஊர்க் கோயிலுக்கு பேனர் என்று சொந்த வேலை இருந்துகொண்டே இருக்கும். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வரைந்ததைச் சேமித்துவிட்டு, அதன் பெயரை மட்டும் நீக்கிவிடுவது. பெயர் போனாலும் வேலை உடனே அழியாது. உள்ளே எங்கோ கிடக்கும். பட்டியலில் தெரியாது, வேறு மெஷினுக்கும் போகாது. அதற்கென்று கருவி கொடுத்த, எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த எண்ணை அடித்து மறுபடி எடுத்துவிடலாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பரண்ல போடறது’. எனக்குத் தெரியவந்தபோது சிரித்துவிட்டேன். கருவியை எழுதிய எங்கள் யாருக்குமே தோன்றாத உபயோகம் அது. நமக்கு அது குப்பை, அவர்களுக்குப் பரண்.

குப்பை என்றால் கூட்ட வேண்டுமே. பெரிய படங்கள் சேரச் சேர டிஸ்க் நிறைந்து மெஷின்கள் நின்றன. பல ஊர்களிலிருந்து புகார் வந்தது, எங்கள் யூனிட்டிலிருந்தும் போனது. அதனால் பெயரில்லாமல் கிடப்பதை இரண்டு வாரத்தில் நீக்கிவிடலாம் என்று திட்டத்தில் பேச்சு எழுந்தது. நான் எழுதினேன்: எங்கள் ஊரில் தீபாவளிக்கு யூனிட்டை அடைத்தால் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்.

நம் திட்டத்தில் அப்போது ஒருவர் எல்லா மாற்றத்தையும் சரிபார்த்து அனுமதிப்பவர். இரண்டு எழுத்து மட்டும்தான் அவர் கையெழுத்து. ஆணா பெண்ணா, எந்த நாடு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு இந்தத் தொழிலில் நிதானம் கற்றுக்கொடுத்தது அவர்தான். அவர் என் கடிதத்தை அலட்சியம் செய்யவில்லை. ‘சரி, கேட்காமல் நீக்க வேண்டாம். திரையில் கேள்வி வரட்டும். சரி என்று சொன்னால் மட்டும் நீக்குவோம்’ என்றார். எல்லாருக்கும் அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது, எனக்கும்தான். அப்படியே அமலுக்கு வந்தது. இன்றைக்கும் அந்தக் கடிதப் போக்குவரத்தைப் படித்தால் யாரும் அவசரப்பட்டதாகவோ அசட்டையாக இருந்ததாகவோ சொல்ல முடியாது. குற்றவாளி என்று ஒருவரைக் காட்ட முடிந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த டிசைன் ரூமில் ஜெபராஜ் என்று ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி எஸ்தர் பக்கத்து யூனிட்டில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். ஜெபராஜ் அதிகம் பேச மாட்டார். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். கை மட்டும் அப்படி ஒரு கை. சிங்கம் வரைந்தால் பிடரி மயிர் காற்றில் அசையும்.

அந்த வருடம் ஆர்டர் குறைவு. தீபாவளி லீவை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். ஜெபராஜும் எஸ்தரும் ஊருக்குப் போனார்கள். லீவு முடியும் தறுவாயில், அங்கே கடைக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது ஜெபராஜ் மேல் லாரி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

யூனிட் திறந்த அன்றைக்கே எங்களுக்குச் செய்தி வந்தது. அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆனால் வேலை நின்றுகொண்டிருக்காது. மறுநாள் காதர் பாய், கவிதா என்ற டிசைனரை அந்த மெஷினில் உட்காரச் சொன்னார்.

சில நாள் கழித்து எஸ்தர் வந்தாள். கூட அவள் தம்பி. ஜெபராஜின் டிபன் பாக்ஸ், கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் காதர் பாய் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அவள் பையை வாங்கிக்கொண்டு நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அக்கா, அவுக கம்ப்யூட்டர்ல ஒரு படம் வச்சிருந்தாக. அத எடுத்துத் தரணும்.”

“என்ன படம் கண்ணு?”

“எங்க பிள்ள படம்.”

எனக்குப் புரியவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நின்றபடியே சொன்னாள். முந்தைய வருடம் ஊரில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். மூச்சுத் திணறி இரண்டாம் நாளே இறந்துவிட்டது. இறந்த பிள்ளையைப் படம் பிடிக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்து, உடனே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது படம் எடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. எஸ்தருக்கு நாளாக நாளாக முகம் மறந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு நாள், முகம் நினைவுக்கு வரவில்லை என்று அழுதிருக்கிறாள். அப்போதுதான் ஜெபராஜ் வரைய ஆரம்பித்திருக்கிறார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைவார். பழைய சாம்பிள் தாளின் பின்பக்கத்தில் சின்னதாக அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். எஸ்தர் பார்த்துவிட்டு, நெற்றி இப்படி இல்லை, மேலுதடு இன்னும் மெல்லிசு என்று பென்சிலால் கோடு போடுவாள். அந்தத் தாளையே திரும்பக் கொண்டுவந்து திருத்துவார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, திருத்தியதைப் பரணில் போட்டுவிடுவார். இப்படியே பல மாதம். இரண்டு பேரும் சேர்ந்து அந்த முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறதியிலிருந்து வெளியே இழுத்திருக்கிறார்கள். லீவுக்கு முந்தைய வாரம் அவர் கொண்டுபோன தாளைப் பார்த்து, “காது மட்டும் இன்னும் கொஞ்சம் எறக்கணும். மத்தபடி இதுதான் அவ,” என்று எஸ்தர் சொல்லியிருக்கிறாள். கடைசி வேலை நாளில் காதைத் திருத்தியாயிற்று, லீவு முடிந்து வந்ததும் பெரிதாக அச்சடித்துத் தருகிறேன் என்றாராம்.

“நம்பர் இதுல இருக்கு. இத அடிச்சா வரும்னு சொன்னாக.” ஜெபராஜின் போனை நீட்டினாள். திரையில் விரிசல் விழுந்திருந்தது.

கவிதா எழுந்து எனக்கு இடம் விட்டாள். எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்று கருவி சொன்னது. தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் இல்லை என்றது. யூனிட் அடைத்திருந்த நாட்களை மனதில் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் தாண்டியிருந்தது.

பின்னாலிருந்து காதர் பாயின் குரல் வந்தது. “மேடம், தொறந்த அன்னிக்கு எல்லா மெஷின்லயும் என்னமோ கேட்டுச்சுங்க. நாந்தானுங்க ஓகே குடுத்தேன்.”

லீவு முடிந்து திறக்கும் நாளில் எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியாது. காலையில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆள் வந்தாலும் வராவிட்டாலும் எல்லா மெஷினையும் ஒரு சுற்று ஓட விடுவார்கள். ஒரு மெஷின்கூட முதல் நாளில் சும்மா நிற்கக் கூடாது. டிசைன் ரூம் கம்ப்யூட்டருக்கும் பொட்டு உண்டு. காதர் பாய் வேறு மதமென்றாலும் அன்றைக்கு அவர்தான் ரூம் பொறுப்பாளர். ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, திரையில் கேட்டதற்கெல்லாம் சரி சொல்லி, வருகிறவர்கள் உட்கார்ந்த உடனே வேலையைத் தொடங்கும்படி எடுத்து வைத்திருக்கிறார். பாசத்தோடு செய்த காரியம். ஜெபராஜின் மெஷினுக்கும் அப்படியே செய்திருக்கிறார், செய்தி வருவதற்கு முன்னால்.

எங்கள் கேள்வி ஒழுங்காகத்தான் திரையில் வந்திருந்தது. பதில் சொன்ன ஆள்தான் மாறிப்போயிருந்தார். பொருளுக்குச் சொந்தக்காரர் பிணவறையில் இருந்தபோது, மெஷின் முன்னால் நின்றவரிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டது நாங்கள் எழுதிய கருவி.

எஸ்தருக்கு எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. “இல்லயாக்கா? வேற எங்கயாவது இருக்குமாக்கா?”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் அழுவதற்கும் ஆறுதல் சொல்வதற்கும் எனக்கு உரிமை இல்லை. நீக்கியது டிஸ்கில் இன்னும் மிச்சம் இருக்கலாம், புதிதாக எதையாவது எழுதினால் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். மெஷின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அந்த முகத்தின் மேல்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. முறைப்படி நிறுத்தினால்கூட அது போகிற போக்கில் பத்து விஷயம் எழுதிவிட்டுத்தான் தூங்கும். பிளக்கைப் பிடுங்குவது ஒன்றே வழி. ஆனால் காலையிலிருந்து கவிதா செய்த வேலை சேமிக்காமல் திரையில் நின்றது. சாயங்காலம் பையருக்குப் போக வேண்டிய படம் அது.

கவிதா மெல்லக் கேட்டாள். “அக்கா, இத மட்டும் சேவ் பண்ணிக்கட்டுங்களா? ஒரே ஒரு நிமிசந்தானுங்க.”

“வேண்டாம் கண்ணு.”

அவள் திரையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு குனிந்து அவளே பிளக்கைப் பிடுங்கினாள். நான் பிடுங்கியிருந்தால் அவள் வேலையை நான் அழித்ததாக ஆகியிருக்கும், அந்தப் பாரத்தைக்கூட எனக்கு அவள் விடவில்லை.

முதலாளி விஷயம் கேள்விப்பட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். “என்னங்க மேடம் இது? சாயங்காலம் ஆர்ட்வொர்க் போகோணும்னு தெரியுமில்லீங்க? யாரக் கேட்டு நிறுத்துனீங்க?” காதர் பாய் அவரை வாசலிலேயே மறித்து, காதோடு ஏதோ சொன்னார். முதலாளி உள்ளே வந்து எஸ்தரைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், பிறகு திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பையருக்குப் படம் போகவில்லை. கவிதா மறுநாள் முழுக்க உட்கார்ந்து அதைத் திரும்ப வரைந்தாள்.

டிஸ்கைக் கழற்றி, அதில் எதுவும் எழுதப்படாதபடி நகல் எடுத்து, அதற்குள் தேடினேன். அந்த வேலையின் நுணுக்கமெல்லாம் திட்டத்தின் கடிதத் தொகுப்பில் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக்கொள்ளுங்கள். இரண்டெழுத்துக்காரருக்கு நடந்ததை எழுதினேன். பதில் வரச் சற்று நேரமாயிற்று. ‘அந்த மாற்றத்தை அனுமதித்தது நான். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து இன்று கேட்டாலும் அனுமதிப்பேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. தேடுவதற்கான நிரலை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார், நான் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் கிடைத்தது எழுத்துகள்தான், அவை சின்னவை என்பதால். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுவோம் அல்லவா? ஜெபராஜ் அதை ஒழுங்காக எழுதியிருந்தார். ‘நெற்றி அகலம்.’ ‘மூக்கு என்னை மாதிரி இல்லையாம், அவளை மாதிரியாம்.’ ‘கண் மூடியே இருக்கட்டும்.’ ‘எஸ்தர் அழுதாள். இன்றைக்கு ஒன்றும் மாற்றவில்லை.’ மாற்றாததையும் சேமித்திருந்தார். அதைப் படித்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மெஷின் ஷெட்டுக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன். இத்தனை வருடம் எத்தனையோ ஆயிரம் மாற்றக் குறிப்புகள் படித்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் படித்ததில்லை.

பிறகு படத்தின் துண்டுகள் வர ஆரம்பித்தன. கடைசிப் படம் ஏறக்குறைய முழுவதும் வந்துவிட்டது. மூடிய கண், சின்ன மூக்கு, கொஞ்சம் பிளந்த வாய். ஒரே ஒரு துண்டு மட்டும் எவ்வளவு தேடியும் இல்லை. இடது கன்னத்தின் ஓரமும் காதும் இருக்க வேண்டிய இடம். கடைசியாக எழுதப்பட்ட துண்டு அது, அதன் மேல் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் நின்றது.

இரண்டெழுத்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். முந்தைய படங்களில் ஒன்றில் அந்தப் பகுதி முழுசாகக் கிடைத்திருந்தது. அதை எடுத்து இதில் பொருத்தி, நிழலைச் சரிசெய்து அனுப்பினார். பார்த்தால் ஒட்டுப் போட்டதே தெரியவில்லை. அசல் குழந்தை. காதர் பாய் திரையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதையே குடுத்துருங்க மேடம். கெடச்சிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்கு இனி எதுக்குங்க இன்னொரு வலி?”

முதலாளியும் அதையேதான் சொன்னார். கவிதாகூட, “காது தானுங்களேக்கா,” என்றாள். அவர்கள் மூன்று பேரும் நல்லவர்கள். எஸ்தர் எப்படியாவது கொஞ்சம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எண்ணமே இல்லை. எனக்கும் அதுவே ஆசையாக இருந்தது. கெடுதல் செய்யச் சொல்கிறவர்களை மறுப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. நல்லது செய்யச் சொல்கிறவர்களிடம் மாட்டேன் என்பதுதான் கஷ்டம். ஏற்கெனவே ஒரு தடவை எஸ்தரைக் கேட்காமல் அவள் பொருளில் கை வைத்தாயிற்று, இரண்டாவது தடவையும் அதையே அன்பின் பேரில் செய்யச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. முடியாது என்றேன். காதர் பாய்க்கு என் மேல் கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எஸ்தரை வரச் சொன்னேன். திரையைத் திருப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். எது வந்தது, எது வரவில்லை, எதை நாங்கள் ஒட்டினோம். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒட்டுப் போட்ட படத்தில் காதை விரலால் தொட்டாள்.

“இது மொதல்ல வரஞ்சதுக்கா. நான் வேண்டாம்னு சொன்னதுல்லா.”

சொல்லாமல் கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போய், சுவரில் மாட்டி, ஒரு நாள் அவளே கண்டுபிடித்திருப்பாள். அந்த நாளில் ஜெபராஜே தன்னை ஏமாற்றிவிட்டதாகக்கூட அவள் நினைத்திருக்கலாம்.

“இத எடுத்துருங்கக்கா. மத்தது போதும்.”

“அதுல காது இல்லையே கண்ணு.”

“அவுக கடைசியா வரஞ்ச காதுல்லா. அது அவுக கூடயே போயிட்டு. வேற காது ஒட்ட வேண்டாம்.”

அவள் தம்பி அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். கொஞ்ச நேரம் அழவிட்டோம். காதர் பாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“மேடம், இத இனி பரண்ல போட வேண்டாமுங்க. ஒரு பேரு வச்சு ஏத்துங்க. நம்ம யூனிட்ல இருக்கற அத்தன மெஷின்லயும் இருக்கட்டும்.” பிறகு எஸ்தரிடம் கேட்டார். “பாப்பாவுக்கு என்ன பேருங்கம்மா?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை. விரலைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எஸ்தர் திரையிலிருந்த முகத்தைப் பார்த்தாள். அவள் தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

“பேரு வைக்கலயே பாய். ரெண்டு நாள்தான் இருந்தா.”

“இப்ப வைக்கலாமே கண்ணு,” என்றேன். என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது.

அவள் தலையை ஆட்டினாள். “நான் மட்டும் எப்படிக்கா வைக்க? அவுகளும் சேந்துல்லா வைக்கணும்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆஸ்பத்திரில பிள்ள கையில ஒரு சீட்டு கெட்டியிருந்தாக. ‘எஸ்தர் குழந்தை’ன்னு போட்டிருந்திச்சு. அத வேணா போடுங்க.”

போட்டேன். சில நிமிடத்தில் எல்லா மெஷினுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காதர் பாய் ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வந்திருச்சுங்க என்றார். பெரிதாக அச்சடித்து, காதில்லாத அந்தப் படத்தை கவிதா ஒரு அட்டைக்குள் வைத்துக் கொடுத்தாள். எஸ்தரிடம் கேட்டுக்கொண்டு, நம் திட்டத்தின் பிரதான சேமிப்பிலும் அதற்கு ஒரு இடம் கேட்டு இரண்டெழுத்துக்காரருக்கு எழுதினேன். கருவியைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் கோப்புகளோடு அவர் அதைச் சேர்த்துவிட்டார். அதே கையோடு, நீங்கள் எடுத்துவிடலாமா என்று கேட்ட அந்தக் கட்டுப்பாட்டையும் எழுதினார். அதில்லாமல் கருவி கொஞ்சம் வேகமாக ஓடும் என்பது அவருக்கும் தெரியும்.

அன்றைக்கு எஸ்தர் அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவு வரை போனாள். அங்கிருந்து திரும்பிக் கேட்டாள்.

“அக்கா, இனி அழியாதுல்லா?”

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த மென்பொருள் எதற்கும் பொறுப்பேற்காது என்று நம் உரிமத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். டிஸ்க் தேயும், வடிவம் மாறும், புதிதாக வருகிறவர்கள் பழையதைப் படிக்கும் பகுதியைத் தூக்கி எறிவார்கள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் யார் கேட்டாலும் ‘சொல்ல முடியாதுங்க’ என்றுதான் சொல்லிப் பழக்கம்.

“அழியாது கண்ணு,” என்றேன்.

என் தொழிலில் நான் கொடுத்த ஒரே உத்தரவாதம் அது. இனி அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள்.